மணப்பாடு தாண்டி

கஸ்பாராக வந்திருந்த மனிதர் மூன்றாம் முறையாகப் படகின் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு அவர் நிமிர்ந்ததும், அதே வாயிலிருந்து கஸ்பாரின் வசவு வந்தது.

"என்ன வயிறுல இது! பிறந்ததுலேருந்து கடல்ல ஒரு நாள் நான் வாந்தி எடுத்தது கிடையாது. அருப்புக்கோட்டைக்காரன் வயித்த வாடகைக்கு எடுத்தா இப்படித்தான்."

சுக்கானைப் பிடித்திருந்த இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல் வேறு. ஆனால் அந்த இழுவையும், பேச்சை முடிக்கும்போது முகவாயைத் தூக்குவதும் அச்சு அசலாகக் கஸ்பார்தான்.

அந்த மனிதர் வலது கையை உயர்த்தினார். கை உயர்ந்தால் பேசுவது கஸ்பார் இல்லை, பதிலாள் என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எனக்குக் கடல் புதுசு. ரெண்டு மணி நேரத்துல சரியாயிரும்."

பெயர் பவித்ரன். நாற்பதை நெருங்கும் வயது. பதிலாள் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இப்படி ஒருவரை அனுப்பித்தான் தாயின் சாவில் விழுந்து அழுதார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் பதிலாளின் கையால் பேத்தி தலையில் அட்சதை போட்டார்கள். கஸ்பார் கேட்டது இது எதுவும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நாலு நாள், இஞ்ஞாசியின் பதினெட்டடிப் பாய்ப்படகில், கரையோரமாகப் போக வேண்டும். அவருடைய நுரையீரல் இரண்டும் கல்லாக இறுகிக்கொண்டு வந்தன. ஒரு மாதம் இருந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தம்பி, அவன் பேசுறது உங்களுக்குக் காதுல கேக்குமா, இல்ல வாய் தானாப் போகுமா?" என்று இஞ்ஞாசி கேட்டார்.

"வாய் தானாப் போகும் அண்ணாச்சி. பஸ்ல சீட்டு விட்டுக் குடுக்கிற மாதிரி நான் கொஞ்சம் ஒதுங்கிக்கிடணும். பிடரியில ஒட்டியிருக்க இந்தப் பட்டை வழியா நான் பாக்கிறது, கேக்கிறது, தொடுறது எல்லாம் ஆஸ்பத்திரில அவருக்குப் போயிரும். என் கையில உப்புத்தண்ணி பட்டா அவருக்கும் ஈரம் தெரியும். காலையில ஆறு மணிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். அதுக்கு மேல சட்டம் விடாது."

"அவன் மனசுல நினைக்கிறதெல்லாம்?"

"நினைப்பு வராது. அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சா எனக்கும் அடிக்கும். அழுகை வந்தா என் தொண்டைய அடைக்கும். எதுக்காகன்னு எனக்குத் தெரியாது."

கை இறங்கியது. "ஏல, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே என்னைப் பத்தி விசாரிக்கியா? பாயைப் பாருல. காத்த வீணாக்காத."

மாசி மாதத்து வாடைக்காற்று பின்னாலிருந்து சீராகத் தள்ளியது. பாய் புடைத்து நின்றது. இடப்பக்கம் விரிகடல், வலப்பக்கம் உப்பளங்களின் வெள்ளைக் குவியல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. அந்த உப்பளங்களில் ஒன்றின் எடைமேடையில்தான் கஸ்பார் முப்பது வருடம் லாரிகளை எடை போட்டார். கடலுக்கென்றே பிறந்தவன் என்று ஊர் சொன்ன ஆள், ஒரே நாளில் கரையேறி, பிறகு கடலுக்குப் போகவே இல்லை.

அந்த நாளை இருவருமே மறக்கவில்லை. பேசியதும் இல்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு கஸ்பார், அவருடைய தம்பி சவரி, இஞ்ஞாசி மூவரும் ஒரு வள்ளத்தில் வந்துகொண்டிருந்தார்கள். சவரிக்கும் இஞ்ஞாசியின் தங்கை மெற்றில்டாவுக்கும் கல்யாணமாகி ஏழு மாதம். புன்னைக்காயலுக்கு நேரே வரும்போது திடீரென்று காற்று மாறி அடித்தது. பாய் உச்சியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிடச் சவரி பாய்மரத்தில் ஏறினான். ஏறுமுன் கஸ்பார்தான் தம்பியின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் படகின் குறுக்குக் கட்டையில் முடிச்சுப் போட்டார். பெரிய அலை ஒன்று வந்தது. சவரி விழுந்தான். கயிறும் அவனோடு போயிற்று. மூன்றாம் நாள் ஆலந்தலைக் கரையில் கிடந்தான்.

கஸ்பார் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது. கஸ்பாரே அதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு முடிச்சும் போடவில்லை. வேட்டியை பெல்ட்டால் நிறுத்தினார். கடையில் வாங்கிய பொட்டலம் பிரிந்தால் அப்படியே அள்ளிக்கொண்டு வருவார். மெற்றில்டா அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள், மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஸ்பாரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முடிச்சு அவிழவில்லை என்பது இஞ்ஞாசி ஒருவருக்குத்தான் தெரியும்.

அதைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கு அவர் உடனே சம்மதித்தார். நாலு நாள், கடல்மேல், பதிலாளைத் தவிர வேறு யாரும் இல்லை. கஸ்பார் போட்ட ஒரே நிபந்தனை ஃபோன் கூடாது என்பது. இஞ்ஞாசி தன் ஃபோனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் வாங்கி வைத்தாளே தவிர, யாரோடு போகிறாய் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஆனால் கஸ்பார் பேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை.

புன்னைக்காயல் வந்தது. இஞ்ஞாசி வாயைத் திறக்குமுன், "ஏல, அந்தோனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் பேன்ட்டுல ஓணான விட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கினார். வாத்தியாரிலிருந்து வாத்தியார் மகளுக்குப் போனார். அங்கிருந்து ஹார்பர் கேண்டீன் புரோட்டாவுக்கு. ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் நிறம் மாறி, மீண்டும் நீலமாகிறவரை பேச்சு நிற்கவில்லை. முதல் நாள் வீரபாண்டியன்பட்டினத்தில் கரையேறியபோது பவித்ரனின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இரண்டாம் நாள் நடுப்பகலில் ஆலந்தலைக் கோபுரம் தெரிந்தது. இஞ்ஞாசி மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"கஸ்பார், உன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

பவித்ரனின் முகம் சட்டென்று வெளிறியது. "சொல்லலாம் சொல்லலாம். முதல்ல அந்தத் தூக்குவாளியத் தொற. கருவாட்டுக் குழம்பு வாசனை வருது. இவன் நாக்குலயாவது நான் ருசி பாக்கணும்ல."

சாப்பிட்டார்கள். சாப்பிட்டபிறகு காற்று கொஞ்சம் திரும்பியதால் பாயை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு கஸ்பார் பாடத் தொடங்கிவிட்டார். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று இஞ்ஞாசி நினைத்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

சாயங்காலம் மணப்பாட்டுக் குன்றும் மேலே சிலுவைக் கோவிலும் கண்ணுக்குத் தெரிந்தன. "பாருல, எவ்வளவு அழகு" என்றார் கஸ்பார். சிறிது நேரத்தில் பவித்ரன் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். மறுபடியும் குமட்டுகிறது போலும் என்று இஞ்ஞாசி படகைக் கரைக்குத் திருப்பினார். மணல்திட்டில் படகு தட்டியபோது பவித்ரன் வலது கையை உயர்த்தி, "நேரம் முடிஞ்சுது அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். ஏஜென்சி கொடுத்த ஃபோனை எடுத்துக்கொண்டு மணலில் வெகுதூரம் நடந்து போனார். நெடுநேரம் பேசினார். வீட்டுக்குப் பேசுகிறார் என்று இஞ்ஞாசி நினைத்தார்.

மூன்றாம் நாள் கஸ்பார் பேசவில்லை.

"என்னல, ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"அசதியா இருக்குல. நீ பேசு."

பெரியதாழை வரைக்கும் இப்படித்தான் போயிற்று. இஞ்ஞாசி எதையாவது சொல்வார். "ம்" என்று பதில் வரும். நண்பனுக்கு மூச்சு வாங்குகிறது போல, படுக்கையில் கிடந்து பவித்ரன் கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் போல என்று அவர் எண்ணிக்கொண்டார். இரண்டு நாளாகக் கிடைக்காத அமைதி இப்போது படகு முழுக்க இருந்தது. பாயில் காற்று உரசுவதைத் தவிர சத்தமில்லை. சொல்லாமல் இருக்க இனி ஒரு சாக்கும் இல்லை.

"கஸ்பார். நடுவுல பேசாத, கேளு."

"ம்."

"சவரி இடுப்புக் கயிறு. அது அவுந்து போகல. நான் அவுத்தேன்."

பவித்ரன் தலையைத் திருப்பவில்லை.

"பாய்க்கயிறு அறுந்துட்டு. சுக்கான் கையில நிக்கல. படகு கவுந்துரும்னு தோணுச்சு. எட்டுன தூரத்துல இருந்தது அந்தக் கயிறு ஒண்ணுதான். ஒரு நிமிசம், பாயை இழுத்துக் கட்டிட்டு மறுபடி மாட்டிரலாம்னு நெனச்சேன். கட்டையிலேருந்து அவுத்தேன், அலை வந்துட்டு. நீ திரும்புறப்ப கயிறோட நுனிதான் ஓடுது. 'என் முடிச்சு அவுந்துட்டே'ன்னு கத்துன. இல்லன்னு நான் சொல்லல. போலீஸ் கேட்டப்ப சொல்லல. மெற்றில் உன் சட்டையப் பிடிச்சு உலுக்குனப்ப பக்கத்துலதான் நின்னேன். அப்பவும் சொல்லல. முதல் நாள் பயம். அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்துச் சொல்லாதத இன்னைக்கு எப்படிச் சொல்லன்னு..."

சுக்கானை அவர் கவனிக்காததில் படகு இடமும் வலமுமாகத் தள்ளாடியது.

பதில் வந்தது. "விடுல. எல்லாம் முடிஞ்சு போச்சு. விடு மக்கா."

இஞ்ஞாசி வாய்விட்டு அழுதார். அறுபது வயது மனிதர், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி.

அழுது முடித்ததும் அவருக்குப் பசித்தது. நேற்று வாங்கிய ரொட்டியை எடுத்துக் கடலைப் பார்த்தபடி தின்றார். ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிப் பவித்ரனிடம் நீட்டினார். "குடில கஸ்பார். இல்ல, நீங்க குடிங்க தம்பி. ரெண்டு பேருமே குடிங்க." தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் மெற்றிலிடம் சொல்லிவிடுகிறேன், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ அதுவரைக்கும் கெட்டியாக இரு என்றார். நேற்றுக் கஸ்பார் பாதியில் விட்ட பாட்டைத் தானே எடுத்துப் பாடினார். ஒரு சொல் தவறாகப் பாடினார்.

பவித்ரன் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். உவரிக் கரை தெரிந்தபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை உயர்த்தினார். அந்தக் கை இறங்கவே இல்லை.

"அண்ணாச்சி. இது நான்தான். காலையிலேருந்தே நான்தான்."

"என்ன சொல்லுதீங்க?"

"அவர் போயிட்டாரு. நேத்து, மணப்பாடு தெரிஞ்சப்ப. அஞ்சு மணி பத்து நிமிசம் இருக்கும்."

இஞ்ஞாசிக்கு முதலில் விளங்கவில்லை. பவித்ரனின் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த முகத்திலிருந்து கஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோய், அறியாத மனிதர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுக்கானைக் கைவிட்டார். பாய் காற்றை இழந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

"அப்ப நான் யார்ட்டய்யா சொன்னேன்?"

பவித்ரன் கீழே வைத்த டம்ளரைப் பார்த்தார்.

"'விடுல'ன்னு சொன்னது யாரு?" இஞ்ஞாசி அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். "யாருய்யா நீ, என்னை விடச் சொல்லுறதுக்கு?"

"எனக்கு அந்த உரிமை இல்ல அண்ணாச்சி. தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க அழுதத என்னால பாத்துக்கிட்டிருக்க முடியல. சொன்னதுக்கப்புறம் நீங்க சந்தோசமா இருந்தீங்க பாருங்க, அத அதவிடப் பாக்க முடியல."

"நேத்தே ஏன் சொல்லல?"

"அவர் கேட்டுக்கிட்டாரு. ஆஸ்பத்திரில, பட்டை ஒட்டுறதுக்கு முந்தி. 'நடுவுல நான் போயிட்டா அவன்ட்டச் சொல்லாத, குமரி வரைக்கும் கூட்டிட்டுப் போயிரு, பாதியில திரும்புனா அவனும் என்ன மாதிரி கடல விட்டுருவான்'னாரு. நேத்து அவர் மகன்ட்டயும் பேசினேன். டொரண்டோலேருந்து நாளைக்குத்தான் வாராரு. அடக்கம் நாளைச் சாயங்காலம். அதுக்கு முந்தி உங்களக் குமரியில கொண்டு சேத்துரலாம்னுதான் வாயை மூடிக்கிட்டு வந்தேன். உடனே சொல்லணும்ங்கிறது எங்க தொழில்ல முதல் விதி. இனிமே இந்த வேலை எனக்குக் கிடையாது. அது போகட்டும்."

இஞ்ஞாசி சட்டையை விட்டார். நேற்று நடுப்பகல் ஆலந்தலையும், தூக்குவாளியும், பாடப்பட்ட பாட்டும் அவர் கண்முன் வந்தன. ஐந்து மணி நேரம் இருந்திருக்கிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, ஐந்து மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது.

"தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான், இல்லயா?"

பவித்ரன் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யே இஞ்ஞாசிக்குப் போதும் என்று இருந்தது.

"ஆமா அண்ணாச்சி."

"ஒண்ணும் சொல்லலயா?"

"எங்கிட்ட முன்னமே சொன்னாரு. 'அவன் தங்கச்சி வாழ்க்கைய என் கையால அழிச்சுட்டேன். ஒரு தடவகூட அவன் என்னைக் கேட்டதில்ல. இந்தப் போக்குல அவன்ட்ட மன்னிப்புக் கேக்கணும்'னாரு. 'நான் கேக்காமப் போயிட்டா, நீ எனக்குப் பதிலாக் கேட்டுராத, அது என் வாயால வரணும்'னும் சொன்னாரு. புன்னைக்காயல்ல அவருக்கு நெஞ்சு அடிச்ச அடியில என் கை மரத்துப் போச்சு. ஆலந்தலைல நீங்க 'ஒண்ணு சொல்லணும்'னீங்கல்ல? அந்த முடிச்சப் பத்தித்தான் கேக்கப் போறீங்கன்னு பயந்துட்டாரு. ஓணான், புரோட்டா, பாட்டு எல்லாமே பயத்துல பேசுனது."

இரண்டு பேரும் மன்னிப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பயந்து, இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இஞ்ஞாசி தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். கண்ணீர் வரவில்லை. அதையெல்லாம் அவர் முன்னாலேயே, தவறான ஆளிடம் செலவழித்துவிட்டார்.

படகு நீரோட்டத்தில் தானாகக் கரைப்பக்கம் ஒதுங்கியது. பவித்ரன் பயந்து பயந்து நகர்ந்து வந்து சுக்கானைப் பிடிக்கப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. இஞ்ஞாசி அவர் கையை விலக்கிவிட்டு, தானே பிடித்துப் படகை உவரி மணலில் ஏற்றினார்.

"குமரி போகணும்னு சொன்னாரே" என்றார் பவித்ரன்.

"இனிமே யாருக்குக் குமரி? உங்க ஃபோனக் குடுங்க."

தன் எண்ணுக்கே போட்டார். நாலைந்து மணி அடித்தபிறகு மெற்றில்டா எடுத்தாள்.

"அண்ணே? எங்க இருக்க? உனக்குச் சொல்ல முடியாம... அந்த மனுசன் நேத்து இறந்துட்டாராம். கோயில்ல மணி அடிச்சுது."

"தெரியும். நீ போனியா?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

இஞ்ஞாசி சொன்னார். இந்த முறை அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. பாய்க்கயிறு அறுந்தது, இடுப்புக் கயிற்றை அவிழ்த்தது, சொல்லாமல் விட்டது. காலையில் நிறைய நேரம் எடுத்த கதை, இப்போது நாலே வரியில் முடிந்துவிட்டது.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். அறவில்லை.

"வருசா வருசம் பூசைக்கு வருவாரு" என்றாள் மெற்றில்டா. குரல் அவளுடையது போலவே இல்லை. "என் வீட்டுக்காரவுக நினைவுப் பூசைக்கு. பூசை முடிஞ்சதும் நம்ம வாசல் வரைக்கும் வந்து நிப்பாரு. நீயும் பாப்ப. உள்ள வாங்கன்னு நான் சொன்னதே கிடையாது. ஒரு வருசம் நல்ல வெயில்ல நின்னு, குடிக்கத் தண்ணி கேட்டாரு. நான் கதவச் சாத்திட்டேன். நீ உள்ள உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த."

"ஆமா."

"ஆமாங்கிற?"

இஞ்ஞாசி ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் பஸ் பிடிச்சு இப்பவே வாரேன் மெற்றில். ரெண்டு பேரும் சேந்து போவோம்."

"வேண்டாம். நான் முதல்ல போறேன். நீ வந்து என் பக்கத்துல நிக்காத, தள்ளி நில்லு."

அவள் ஃபோனை அணைக்கவில்லை, எங்கோ வைத்துவிட்டாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. வாசல் கதவின் தாழ்ப்பாள் விலகி, கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

பவித்ரன் சற்றுத் தள்ளி மணலில் நின்று காத்திருந்தார். இஞ்ஞாசி ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு, யாருமில்லாத தன் வீட்டை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.